வீணை தெரியும், செய்தவரைத் தெரியுமா?

எங்கள் அகத்தில் ஒரு தஞ்சாவூர் வீணை இருக்கிறது. பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்தது. பணி ஓய்வுக்குப் பின் பெங்களூரு வைட்ஃபீல்டில் பிள்ளையோடு வந்து தங்கியபோது அதையும் கொண்டுவந்தேன்.

ஒரு சரஸ்வதி பூஜைக்கு முன்னால், "ரொம்ப மங்கிக் கிடக்கேப்பா, பாலிஷ் போட்டுடலாமே" என்றாள் மாட்டுப்பெண். பக்கத்து ஃபிளாட்டில் அலமாரிகளுக்கு மெலமைன் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டோம். அவர் குடத்தின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பழைய தேன் நிறம் போய், வெளிறிய மரம் தெரிந்தது. எனக்குப் பகீரென்றது. நிறுத்தச் சொல்லிவிட்டேன். அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

24 மெட்டுகள் நிலையாக அமைந்த இன்றைய வீணை, 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருவானது என்பது வழிவழியாக வரும் செய்தி. தஞ்சை வீணைக்குப் பலாமரம். பண்ருட்டிப் பலாவுக்குத் தனி மதிப்பு. குடம், தண்டி முதலிய பாகங்களை ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. மெட்டுகளை மெழுகில் பதித்து ஸ்வரஸ்தானம் பார்ப்பதற்கு 'மேளம் கட்டுதல்' என்று பெயர். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தத் தேன் நிறம் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சியின் பிசின் அது. இங்கிருந்து மைசூர் போகும் வழியில், சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கு மெருகு தருவதும் அரக்குதான். அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் பல தடவை பூசுவார்கள். புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய பூச்சையும் சற்று இளக்குவதால் இரண்டும் ஒன்றாகிவிடும். மெலமைன் அப்படிச் சேராது. பழையதைச் சுரண்டிவிட்டுத்தான் அதைப் போடுவார்கள்.

இத்தாலியில் கிரெமோனா நகரின் ஸ்ட்ராடிவாரி (மறைவு 1737) செய்த பிடில்களின் வார்னிஷில் ஏதோ பரம ரகசியம் இருப்பதாக வெகுகாலம் நம்பினார்கள். பாரிஸ் அருங்காட்சியகத்திலுள்ள ஐந்து கருவிகளை ஆராய்ந்தவர்கள் 2009-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? எண்ணெய், பைன் மரப் பிசின், சாதாரண நிறப்பொடிகள்; அவ்வளவே! ஆனால் அவர் தாம் செய்த பிடில்களுக்குள் தம் பெயரும் வருஷமும் கொண்ட சீட்டை ஒட்டிவைத்தார்.

நம் கதை வேறு. வீணை தனம்மாளைத் தெரியும், மைசூர் வீணை சேஷண்ணாவைத் தெரியும். அவர்கள் மடியில் இருந்த வீணையைக் குடைந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கடைசியில் வீணையைத் தஞ்சாவூருக்கே எடுத்துப் போனேன். பட்டறையில் வயதான ஆசாரி ஒருவர் குடத்தைத் தட்டிப் பார்த்தார். "சாமி, இது ஏகாண்டம். மத்த இடத்துல கையே வைக்காதீங்க. தேய்ச்ச இடத்துக்கு மட்டும் அரக்கு போட்டுத் தரேன்" என்றார். பிறகு யாளி முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "யார் கை வேலைங்க இது?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டியின் வாத்தியார் பெயர் தெரியும். முதலில் வாசித்த வர்ணம் தெரியும். வீணை வந்திறங்கிய மாட்டுவண்டிக்காரர் பெயரைக்கூடப் பாட்டி சொல்லியிருக்கிறாள். செய்தவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. பாட்டியும் இப்போது இல்லை.

பூசிய இடம் மற்ற பாகத்தோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. போகட்டும், எனக்கு ஒரு பாடமாக இருக்கட்டும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்தில் பழைய வீணையோ தம்புராவோ இருந்தால் உப்புத்தாள் படவிடாதீர்கள். மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். யார் செய்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களை இன்றே கேட்டு எழுதிவையுங்கள். புதிதாக வாங்குவோர் ஆசாரியின் பெயரையும் கேட்டு வாங்குங்கள்.

பழுது பார்த்த ஆசாரியின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, வீணைப் பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன். என் பேத்தியை யாராவது கேட்டால் அந்த ஒரு பெயரையாவது அவள் சொல்வாள்.