பனிமலையில் ஆடிய பெண்கள்

மியூனிக் அருங்காட்சியகத்தில் ஒரு மதுக்கிண்ணம் இருக்கிறது. பிரைகோஸ் ஓவியர் எனப்படும் ஏதென்ஸ் கலைஞர் கி.மு. 490 வாக்கில் தீட்டியது. உள்ளே வெண்ணிறத் தளத்தில் ஒரு பெண் வேகமாகப் பாய்கிறாள். தலையைச் சுற்றிப் பாம்பு, தோளில் சிறுத்தைத் தோல், ஒரு கையில் சடங்குக் கோல், மறு கையில் பிடித்துத் தொங்கவிட்ட சிறுத்தை. மதுக் கடவுள் டயோனைசஸின் அருள் வந்து ஆடும் மைனாட் அவள். விருந்தில் குடித்து முடிக்கும் ஆணுக்குக் கிண்ணத்தின் அடியில் தரிசனம் தருவாள்.

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் இறந்தபின் கி.மு. 405 வாக்கில் அரங்கேறிய 'பாக்கே' நாடகம் இந்த உருவத்தை இன்னும் பயங்கரமாக்கியது. வெறியேறிய தாய், பெற்ற மகனையே சிங்கமென்று எண்ணிப் பிய்த்தெறிகிறாள்.

டயோனைசஸை வழிபட நிஜத்தில் மலையேறிய பெண்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. கிரேக்கப் புனிதத் தலமான டெல்பியில் அவர்களுக்குத் தூயியாட்கள் என்று பெயர். ஓராண்டு விட்டு ஓராண்டு ஏதென்ஸிலிருந்து ஒரு குழு கிளம்பி, வழியில் பனோபியஸ் முதலான ஊர்களில் ஆடிவிட்டு, டெல்பிப் பெண்களோடு பர்னாசஸ் மலைக்குப் போகும். டெல்பியில் பூசாரியாக இருந்த புளூட்டார்க், எகிப்தியத் தெய்வம் ஐசிஸ் பற்றிய தம் நூலை எழுதியதே தூயியாட்களின் தலைவி கிளியாவுக்காகத்தான். கட்டுக்கடங்காத கூட்டத்தின் தலைவிக்கு யாராவது தத்துவ நூல் எழுதுவார்களா?

ஒருமுறை மலையில் பனிப்புயலில் சிக்கிய பெண்களை மீட்க ஆட்கள் ஏறினார்கள். மீட்கப் போனவர்களின் மேலங்கிகள் குளிரில் பலகையாய் விறைத்து, விரித்தபோது பிளந்துபோயினவாம். இதையும் புளூட்டார்க்தான் சொல்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு சம்பவம் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் டெல்பியை முன்னிட்டு நடந்த 'புனிதப் போர்'க் காலத்தது. ஆவேசத்தில் இரவெல்லாம் அலைந்த தூயியாட்கள், இடம் தெரியாமல் அம்பிசா ஊருக்குள் வந்து, சந்தை வெளியில் அசந்து தூங்கிவிட்டார்கள். ஊர் நிறையப் படைவீரர்கள். செய்தி கேட்டு ஓடிவந்த அம்பிசாப் பெண்கள், யாரையும் எழுப்பாமல், பேச்சுமூச்சின்றிச் சுற்றி நின்று காவல் காத்தார்கள். விழித்ததும் சோறு போட்டு, தங்கள் கணவன்மாரிடம் அனுமதி கேட்டு, எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள்.

ஆசியக் கரையிலிருந்த மைலீட்டஸ் நகரிலோ இந்தச் சடங்குக்குக் கட்டணமே உண்டு. டயோனைசஸ் வழிபாட்டில் பிற பெண்களைச் சேர்த்துவைக்க விரும்பும் எவளும் நகரப் பூசாரிணிக்கு ஒரு ஸ்டேட்டர் நாணயம் கட்ட வேண்டும் என்கிறது கி.மு. 276ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதே ஊரில் அல்க்மயோனிஸ் என்ற பூசாரிணியின் கல்லறை வாசகம், அவர் பெண்களை மலைக்கு அழைத்துச் சென்றதையும் ஊரார் முன்னிலையில் புனிதப் பொருள்களை ஏந்தி நடந்ததையும் பெருமையோடு பதிவுசெய்கிறது.