முதுகுப்பையோடு காத்திருந்த மருத்துவர்கள்

2005 செப்டம்பர் முதல் வாரத்தில் ஹவானாவின் மாநாட்டு மாளிகையில் 1,586 மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் வெள்ளை மேலங்கி அணிந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் மருந்துகளும் பரிசோதனைக் கருவிகளும் அடைத்த முதுகுப்பை இருந்தது. அவர்கள் போக வேண்டிய இடம் நியூ ஆர்லியன்ஸ். விமானத்தில் இரண்டு மணி நேரத் தொலைவுகூட இல்லை. ஆகஸ்ட் 29 அன்று கரையேறிய கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து, அந்த நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் கிடந்தது. மருத்துவமனைகளில் மின்சாரம் இல்லை. மெமோரியல் மருத்துவமனையில் மட்டும், தண்ணீர் வடிந்தபின் நாற்பதுக்கும் மேற்பட்ட சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன.

கியூப அதிபர் பிடல் காஸ்ட்ரோ முதலில் 1,100 மருத்துவர்களை அனுப்புவதாக அறிவித்து, பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார். செலவு முழுவதும் கியூபாவுடையது. வாஷிங்டன் அவர்களை அழைக்கவில்லை. உள்நாட்டு மருத்துவர்களே போதிய அளவில் முன்வந்திருக்கிறார்கள் என்றது அமெரிக்க வெளியுறவுத் துறை. இரு நாடுகளுக்கும் இடையே அப்போது முழுமையான தூதரக உறவு கிடையாது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய பொருளாதாரத் தடை இருந்தது. அந்தத் தடையை விதித்த நாட்டின் ஏழைக் கறுப்பின மக்களுக்குக் கியூப மருத்துவர்கள் காயம் கட்டும் காட்சி தொலைக்காட்சியில் வந்தால் அதற்கு என்ன பொருள் என்பது இரு தலைநகரங்களுக்கும் நன்றாகவே தெரியும். காஸ்ட்ரோ அரசியல் கணக்கே இல்லாமல் கேட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மாளிகையில் கூடியிருந்த மருத்துவர்களும் உண்மை, கூரைமேல் காத்திருந்த நோயாளிகளும் உண்மை.

அமெரிக்கா எல்லா உதவிக்கும் கதவை அடைத்துவிடவில்லை. உதவி தர முன்வந்த நாடுகள் நூற்றுக்கும் மேல். ஆழிப்பேரலையில் நொந்து எட்டு மாதமே ஆகியிருந்த இலங்கைகூடத் தன்னால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தது. இந்தியா ஐம்பது லட்சம் டாலரும், ஒரு விமானம் நிறையப் போர்வைகளும் பிற நிவாரணப் பொருள்களும் அனுப்பியது. மெக்சிகோ ராணுவத்தின் வண்டித்தொடர் எல்லையைத் தாண்டி டெக்சாஸின் சான் அன்டோனியோ வரை வந்து சமையற்கூடம் போட்டது. 1846இல் தொடங்கிய போருக்குப் பிறகு மெக்சிகோ ராணுவப் பிரிவு ஒன்று அமெரிக்க மண்ணில் களப்பணியில் இறங்கியது அப்போதுதான் என்று சொல்லப்பட்டது. அதே சமயம், பிரிட்டன் அனுப்பிய ராணுவ உணவுப் பொட்டலங்கள் ஆர்கன்சாவில் ஒரு கிடங்கில் முடங்கின. பிரிட்டிஷ் மாட்டிறைச்சி மீதான சுகாதாரத் தடை அதற்குக் காரணம். உதவியை வாங்கிப் பழக்கமில்லாத ஒரு வல்லரசுக்கு வாங்குவதற்கான ஏற்பாடே இல்லாமல் போயிருந்தது.

பொருளை வாங்குவது வேறு, மருத்துவரை வாங்குவது வேறு. போர்வைக்குக் கண் கிடையாது. மருத்துவர் வந்தால் வீட்டுக்குள் வருவார். குழந்தையின் எடையைப் பார்ப்பார். புயலுக்கு முன்பே இந்த ஊரில் மருந்தில்லை என்பதைக் கண்டுகொள்வார். தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்ப் பேசுவார். பணத்தையும் கூடாரத்தையும் தயங்காமல் வாங்கும் அரசுகள் மருத்துவக் குழு என்றதும் யோசிப்பது இதனால்தான். நியாயமான தயக்கங்களும் உண்டு. அமெரிக்காவில் மருத்துவ உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி. மொழி தெரியாதவர் நோயாளியிடம் என்ன கேட்பார்? பேரிடர் ஊருக்குத் தங்க இடமும் குடிதண்ணீரும் கேட்டுக்கொண்டு வருகிறவர் உதவியா, சுமையா? இந்தக் கேள்விகளை அற்பமென்று தள்ள முடியாது. ஆனால் கியூபா விஷயத்தில் இவற்றைக் கேட்டுப் பதில் பெறும் அளவுக்குக்கூடப் பேச்சு நகரவில்லை.

கியூபாவுக்கு இது புது வழக்கம் அல்ல. 1960 மே மாதம் சிலியின் தெற்கில் 9.5 அளவில் நிலம் நடுங்கியபோது, புரட்சி முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத கியூபா ஒரு மருத்துவக் குழுவை அனுப்பியது. அன்று சிலியை ஆண்டவர் வலதுசாரியான ஹோர்ஹே அலெசாந்திரி. 1970இல் பெருவில் நிலநடுக்கம் கிளப்பிய பனிச்சரிவில் யுங்காய் நகரமே புதைந்து, நாடு முழுக்க எழுபதாயிரம் பேர் இறந்தார்கள். பெருவுடன் கியூபாவுக்குத் தூதரக உறவு இல்லாத காலம் அது. கியூபர்கள் சில நாட்களிலேயே ஒரு லட்சம் பேரின் ரத்தத்தைத் திரட்டி அனுப்பினார்கள்; காஸ்ட்ரோவே கையை நீட்டினார். 1972 டிசம்பரில் நிகரகுவாவின் மனாகுவா நகரம் இடிந்தது. அங்கே ஆண்ட சோமோசா குடும்பம்தான் 1961இல் கியூபா மீதான பன்றிகள் விரிகுடாத் தாக்குதலுக்குத் தன் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. அங்கும் கியூப மருத்துவர்கள் போனார்கள். பகைவன் வீட்டுத் துக்கத்துக்கும் போய் நிற்பது என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அதையே அந்தத் தீவு தன் வெளியுறவுக் கொள்கையாக்கிக்கொண்டது.

அமெரிக்காவிலிருந்து அழைப்பு வராத நிலையில், செப்டம்பர் 19 அன்று காஸ்ட்ரோ அந்தக் குழுவுக்கு ஹென்றி ரீவ் படையணி என்று பெயர் சூட்டி நிரந்தர அமைப்பாக்கினார். ஹென்றி ரீவ் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஸ்பெயினுக்கு எதிராகக் கியூபாவின் முதல் விடுதலைப் போரில் சண்டையிட்டு 1876இல் உயிரைக் கொடுத்தவர். பெயரிலேயே அமெரிக்காவுக்கு ஒரு பதில் இருந்தது.

பெயர் சூட்டி மூன்று வாரம் ஆகவில்லை. அக்டோபர் 8 காலை காஷ்மீரில் நிலம் நடுங்கியது. பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் இருந்த முசாபராபாத்தும் அதற்கு வடமேற்கே பாலாகோட்டும் மண்மேடாயின. பாகிஸ்தான் அரசின் கணக்குப்படி இறந்தவர்கள் 73,000க்கும் மேல். பள்ளி நேரமாதலால் குழந்தைகள் ஏராளம். மருத்துவமனைகளும் இடிந்திருந்தன. இத்தகைய நேரத்தில் மருத்துவருக்குக் காலம் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்லியாக வேண்டும். சுவருக்கடியில் நசுங்கிய காலை விடுவித்ததும், சிதைந்த தசையின் நஞ்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை முடக்குகிறது. மணிக்கணக்கில் உயிர் போகும். அதைத் தாண்டியவர்களுக்குப் புண் அழுகத் தொடங்கும். முதல் நாளில் கழுவிக் கட்டியிருந்தால் பிழைத்திருக்கும் காலை ஐந்தாம் நாளில் வெட்ட வேண்டிவரும். வெளிநாட்டுக் களமருத்துவமனை எவ்வளவு விரைந்தாலும் வந்து கூடாரம் அடிக்கவே சில நாட்கள் ஆகும். அதன்மேல் அனுமதிக்கான நாட்களும் சேர்ந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இஸ்லாமாபாத்தில் அப்போது கியூபத் தூதரகமே கிடையாது. பாகிஸ்தானோ அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளி. ஆண்டவர் ராணுவத் தளபதியான முஷாரப். ஆனாலும் கியூபா மருத்துவர்களை அனுப்ப முன்வந்ததும் சரி என்றது பாகிஸ்தான். ஒரே வாரத்துக்குள் முதல் குழு வந்து இறங்கியது. ஏழு மாதத்தில் வந்தவர்கள் சுமார் 2,400 பேர், 32 களமருத்துவமனைகள். வெப்பநாட்டில் வளர்ந்தவர்கள் இமயமலைக் குளிரில் கூடாரத்தில் தங்கினார்கள். அவர்களில் பெண் மருத்துவர்கள் கணிசமாக இருந்தது பெரிய விஷயம்: ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டத் தயங்கும் மலைக்கிராமப் பெண்கள் இவர்களிடம் வந்தார்கள். கியூபா தரும் கணக்கில் 17 லட்சம் முறை நோயாளிகளைப் பார்த்திருக்கிறார்கள். 14,000க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 2006 மே மாதம் கிளம்பும்போது கருவிகளை விட்டுச்சென்றார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குக் கியூபாவில் மருத்துவம் படிக்க இடமும் கொடுத்தார்கள்.

அதே முசாபராபாத்தில் அமெரிக்க ராணுவத்தின் 212ஆம் களமருத்துவமனையும் இயங்கியது. கொரியப் போர்க் காலத்தில் புகழ்பெற்ற அந்த வகை மருத்துவமனைகளில் கடைசியாக எஞ்சியிருந்தது அதுதான். 2006 பிப்ரவரியில் அதை அப்படியே பாகிஸ்தானிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒன்றாக வேலை செய்ய முடியாத இரு நாட்டு மருத்துவர்கள் காஷ்மீரின் ஒரே பள்ளத்தாக்கில் வேலை செய்தார்கள்.

இந்தக் கதையில் இந்தியாவின் பக்கமும் இருக்கிறது. அது அவ்வளவு நிறைவானதல்ல. இடிந்த கிராமங்களுக்கு மிக அருகில் இருந்த பெரிய ராணுவ வசதி இந்தியாவுடையது. ஹெலிகாப்டர் தருகிறோம் என்றது டெல்லி. விமானிகள் இல்லாமல் கொடுங்கள் என்றது இஸ்லாமாபாத். அப்படித் தர முடியாது என்றது டெல்லி. காஷ்மீரைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டின் மேல் அடுத்த நாட்டு ராணுவ விமானி பறப்பதை ஒரு படைத்தளபதி எப்படிப் பார்ப்பார் என்பது புரிகிறது. புரிந்தாலும், மலைமேல் கிடந்தவர்களைக் கீழே இறக்க ஹெலிகாப்டரைத் தவிர வேறு வழி இல்லாத நாட்கள் அவை. கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க ஒப்புக்கொண்டு முதல் வாயிலைத் திறந்தபோது நவம்பர் 7 ஆகிவிட்டது. இஸ்ரேலின் உதவியோ ஐ.நா. வழியாக வந்தால் சரி என்றது பாகிஸ்தான்.

இந்தியா உதவி வாங்கிய நாடாக இருந்தது நெடுங்காலத்துக்கு முன்பல்ல. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் புஜ் நகரில் மருத்துவமனை இடிந்து விழுந்தபோது, செஞ்சிலுவைச் சங்கமும் இஸ்ரேல் ராணுவமும் அங்கே களமருத்துவமனை அமைத்தன. பாகிஸ்தான்கூடக் கூடாரமும் போர்வையும் விமானத்தில் அனுப்பியது. நான்கே ஆண்டில் நிலை மாறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்க, வெளிநாட்டு அரசுகளின் நிவாரணம் இப்போது தேவையில்லை என்றது மன்மோகன் சிங் அரசு. அதே நாட்களில் இந்தியக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் விரைந்தன. நிருபக் என்ற கப்பல் மிதக்கும் மருத்துவமனையாகி இந்தோனேசியாவின் மெலபோவுக்குப் போனது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் நிரந்தர இடம் கேட்கும் நாடு, கொடுக்கும் நாடாகத் தெரிய விரும்பியது.

தமிழகக் கடற்கரையைப் பொறுத்தவரை அந்த முடிவைக் குறைசொல்ல இடம் குறைவு. சாலைகள் இருந்தன, சென்னையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் மருத்துவர்கள் போனார்கள், பெரும் கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. நிக்கோபார் தீவுகளின் நிலை வேறு. ராணுவத் தளமும் பழங்குடிக் காப்புப் பகுதியும் சேர்ந்த இடமென்று வெளிநாட்டுத் தொண்டர்களுக்கு அங்கே வழி அடைபட்டது. தொலைவும் கடலும் சூழ்ந்த தீவுக்கு, நாகைக்குப் போதிய ஏற்பாடு போதுமா என்ற கேள்விக்கு டெல்லி தெளிவாகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

கியூபாவும் வாங்க மறுத்திருக்கிறது. 2008இல் குஸ்தாவ், ஐக் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கியபோது அமெரிக்கா உதவ முன்வந்தது. உதவி வேண்டாம், தடையை விலக்கிப் பொருள் வாங்க விடுங்கள் என்றது ஹவானா. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, வெளிநாட்டில் பணிபுரியும் கியூப மருத்துவர்கள் அங்கிருந்தபடியே அமெரிக்காவில் தஞ்சம் கேட்க ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது வாஷிங்டன்; 2017 ஜனவரி வரை அது நடந்தது. கியூப அரசு தன் மருத்துவர்களை இறுக்கிப் பிடிக்கிறது, கட்டணம் வாங்கும் பணிகளில் அவர்கள் சம்பளத்தின் பெரும்பகுதியைத் தானே வைத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டும் பொய்யல்ல. ஆனால் 2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தில் காயமுற்றவர்களை ஏற்றிய அமெரிக்க விமானங்கள் மயாமிக்கு நேர்வழியில் போகத் தன் வான்வெளியைத் திறந்தது அதே கியூபாதான். ஒவ்வொரு பயணத்திலும் ஒன்றரை மணி நேரம் மிச்சமானது.

ஹெயிட்டியில் கணக்கில்லாமல் வந்து குவிந்த குழுக்களைப் பார்த்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களுக்குத் தரவரிசையும் குறைந்தபட்ச விதிகளும் வகுத்தது. யார், எத்தனை படுக்கையோடு, எத்தனை நாள் சொந்த உணவோடு வருகிறார்கள் என்பது இப்போது முன்கூட்டியே தெரியும். எல்லையைத் திறக்கும் கை மட்டும் அதே அரசுகளிடம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் நடுங்கியது. காஷ்மீரைப் பற்றி ஐ.நா.வில் இந்தியாவைக் குறைகூறி வந்த துருக்கி, இந்திய ராணுவத்தின் களமருத்துவமனையைத் தயங்காமல் ஏற்றது. சில நாட்களிலேயே அது இஸ்கெந்தருனில் இயங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம், போராளிகளிடம் இருந்த வடமேற்குச் சிரியாவுக்கு ஐ.நா. செல்ல பாப் அல்-ஹவா என்ற ஒரே வாயில்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. முதல் வண்டித்தொடர் உள்ளே போனது மூன்றாம் நாள். மேலும் இரண்டு வாயில்களுக்கு அன்றைய சிரிய அதிபர் பஷார் அல்-அசாத் சம்மதம் சொன்னது பிப்ரவரி 13 அன்று.