சசூர் எழுதாத சசூர் நூல்



‘பொது மொழியியல் பாடங்கள்’ 1916இல் வெளிவந்த நூல். எழுதியவர் யார்னு கேட்டா, உடனே ‘சசூர்’ என்போம். ஆனால் அவர் 1913லேயே இறந்துவிட்டார். அப்புறம் எப்படி?

ஃபெர்டினாண்ட் டி சசூர் 1857இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பிறந்தவர். 21 வயதிலேயே இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரொலிகள் பற்றி நூல் வெளியிட்டுப் பெயர் பெற்றார். பிறகு ஜெனீவாவில் சமஸ்கிருதம் கற்பித்தார். 1907 முதல் 1911க்குள் மூன்று முறை பொது மொழியியல் பாடம் நடத்தினார். அதை அவர் நூலாக்கவில்லை.

அவர் மறைந்தபின் பாலி, செஷெஹே என்ற இரு சக அறிஞர்கள் மாணவர்களின் நோட்டுகளைத் திரட்டினார்கள். அந்த வகுப்புகளில் அவங்க ரெண்டு பேருமே உட்கார்ந்ததில்லை! ரீட்லிங்கர் என்ற மாணவரின் துணையோடு நூலைத் தொகுத்தார்கள்.

அதில் என்ன இருக்கு? முதலாவது, குறி. ஒலிவடிவம் ‘குறிப்பான்’, மனத்தில் எழும் கருத்து ‘குறிப்பீடு’. இரண்டுக்கும் இயற்கையான பந்தம் கிடையாது. நாம் ‘மரம்’ என்கிறோம், மலாய்க்காரர் ‘போக்கோக்’ என்கிறார். மரம் எதையும் கேட்கவில்லை.

இரண்டாவது, மதிப்பு. ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி, ‘நாங்கள்’ என்றால் இல்லை. மலாயிலும் ‘கித்தா’, ‘காமி’ என இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் ‘வீ’ ஒன்றுதான். அதனால் ‘வீ’யும் ‘நாம்’உம் சமமில்லை. ஒரு சொல்லின் மதிப்பை அதன் பக்கத்துச் சொற்களே வரையறுக்கின்றன. மொழிபெயர்ப்பு சொல்லித்தரும்போது இது நல்லா உதவும்.

சரி, யார் எழுதினால் என்ன என்று கேட்கலாம். மொழியை மொழிக்காகவே ஆராய்வதுதான் மொழியியலின் ஒரே வேலை என்ற பொருளில் நூல் முடிகிறது. சமுதாயத்தை மறந்தவர் என்று சசூரைக் குறைசொல்வோர் இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்த வாக்கியம் மாணவர் நோட்டுகளில் இல்லை, தொகுத்தவர்கள் சேர்த்தது. மொழி ஒரு சமுதாய உடைமை என்பதே சசூர் வகுப்பில் வலியுறுத்திய கருத்து. சொல்லாத வாக்கியத்துக்காக ஒருவர் பழி சுமக்கிறார், பாருங்க.

ஆகவே மாணவர்களே, விடையில் ‘சசூர் எழுதினார்’ என்று முடிக்காதீர்கள். ‘சசூரின் கருத்துகள், மாணவர் குறிப்புகளிலிருந்து பாலி, செஷெஹே தொகுத்து 1916இல் வெளியிட்டனர்’ என்று எழுதுங்கள். அதுதான் சரியான விடை.