சோடாவும் கண்ணும்

போன கோடையில் ஒரு பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கிக் குடித்தேன். நாக்கில் சுறீரென்று ஏறவே இல்லை. வெறும் பச்சைத் தண்ணீர். “என்னய்யா, காஸ் இல்லாத சோடாவைக் கொடுக்கிறாய்?” என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் இன்னொன்றை உடைத்துக் கொடுத்தார். அதுவும் அப்படியே.

கண் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். குற்றம் சோடாவில் இல்லையாம். அவர் கொடுத்திருந்த மாத்திரையில் இருக்கிறதாம். விரல் நுனி மதமதப்பதும் அதனால்தானாம். பிறகு, ரத்தத்தில் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் எவ்வளவு என்று பார்த்து வரச் சீட்டு எழுதினார்.

எனக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும் வியாதி. இடது கண்ணில் ஓரப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது. ஆனால் கண்ணில் வியாதி இருக்கக் கையில் ஊசி குத்துவானேன்? தேடிப் படித்தேன்.

கதை கேம்பிரிட்ஜில் ஆரம்பிக்கிறது. உடம்பில் உண்டாகும் கரியமில வாயுவை ரத்தம் பெரும்பாலும் பைகார்பனேட்டாக மாற்றிச் சுமந்து சென்று, நுரையீரலில் மறுபடி வாயுவாக்கி வெளியே தள்ளுகிறது. அங்கே மயிரிழைக் குழாய்களில் ரத்தம் தங்குவதோ ஒரு வினாடிகூட இல்லை. தானாக நடந்தால் அதற்குள் அந்த மாற்றம் முடியாது. யாரோ அவசரப்படுத்துகிறார்கள்! மெல்ட்ரமும் ரௌட்டனும் அந்த ஆசாமியைச் சிவப்பணுவுக்குள் பிடித்து 1933-ல் உலகுக்கு அறிவித்தார்கள். கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற என்ஸைம் அது.

பிறகு சல்ஃபானிலமைடு வந்தது. கிருமியைக் கொல்லக் கொடுத்த மருந்து, சில நோயாளிகளின் ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிட்டது. அது அந்த என்ஸைமைக் கட்டிப்போடுகிறது என்று 1940-ல் மானும் கெய்லினும் காட்டினார்கள். மற்றவர்கள் தொல்லை என்று நினைத்ததை வில்லியம் ஷ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் மருந்தாகவே பார்த்தார். 1949-ல், இருதயம் தளர்ந்து உடல் வீங்கியவர்களுக்கு அதைக் கொடுத்து நீரை வடித்தார். அடுத்த வருஷமே ராப்லின், கிளாப் என்ற ரசாயனிகள் அதைவிட வீரியமான அசெட்டசோலமைடைச் செய்துவிட்டார்கள். இதுவரை கண்ணைப் பற்றிய பேச்சு ஒருவர் வாயிலும் இல்லை, கவனியுங்கள்.

1951-ல் சுவீடனைச் சேர்ந்த விஸ்ட்ராண்ட், முயலின் கண்ணில் அதே என்ஸைமைக் கண்டார். 1954-ல் செயின்ட் லூயிஸ் நகரில் பெர்னார்ட் பெக்கர் மாத்திரையைக் கிளாக்கோமாக்காரர்களுக்குக் கொடுத்தார், அழுத்தம் இறங்கியது. 1857-ல் பெர்லினில் கிரேஃபே, பாவையைச் சுற்றியுள்ள திரையில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இந்த நோய்க்கு முதல் நம்பிக்கை தந்தார். அதற்குப் பின் கத்தியும் சொட்டு மருந்தும் பெரும்பாலும் கண்ணின் நீர் வடிய வழி செய்தன. இந்த மாத்திரை ஊற்றையே சுருக்கியது.

ஆனால் கண்ணில் பலன் தெரிய, அங்கே உள்ள என்ஸைமில் 100-க்கு 99 பங்குக்கு மேல் முடங்க வேண்டும். விழுங்கிய மாத்திரை கண்ணோடு நிற்குமா? சிறுநீரகத்துக்குப் போகிறது, பைகார்பனேட்டும் பொட்டாசியமும் கரைந்து வெளியேறுகின்றன. நாக்குக்கும் போகிறது, சோடாவின் சுறுக்கை உணர்த்துவதும் இதே என்ஸைம்தான். கண்ணில் மட்டும் வேலை செய்யும் சொட்டு மருந்தாக இதை மாற்ற, தாமஸ் மேரன் போன்றவர்கள் பாடுபட்டும் 40 வருஷம் பிடித்தது. டோர்சோலமைடு 1990-களின் நடுவில்தான் கடைக்கு வந்தது.

ரத்தப் பரிசோதனையில் என் பொட்டாசியம் குறைந்திருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்திச் சொட்டுக்கு மாற்றினார். போட்டால் கண் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது. சோடா மட்டும் பழையபடி சுறீரென்கிறது. அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேம்பிரிட்ஜிலிருந்து ஆரம்பித்தால் அவர் கேட்பாரா என்பதுதான் சந்தேகம்.