யாருடைய சுவர்?

ஆய்வு மாணவனாக இருந்த நாட்களில் எனக்கு ஒரு ஓட்டை தேவைப்பட்டது. நாலு அங்குல விட்டம், அவ்வளவுதான். எங்கள் லேபில் ஒரு வேக்குவம் பம்ப் நாள் முழுக்க அலறிக்கொண்டிருக்கும். அதன் அதிர்வு அளவீடுகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்பைப் பக்கத்து ஸ்டோர் ரூமுக்குத் தள்ளிவிட்டு, சுவர் வழியாக ஒரு குழாயை விட்டால் தொல்லை தீர்ந்தது. மனு எழுதிக்கொண்டு போனேன். கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் நல்ல மனுஷன்தான், டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். கடைசியில், "தம்பி, லேப் உங்களோடது. சுவர் உங்களோடது இல்ல" என்றார்.

மனு ஒரு குழுவுக்குப் போனது. குழு கட்டடத்தின் பழைய வரைபடத்தைக் கேட்டது. வரைபடத்தைக் காணோம். அப்படிக் காத்திருந்த பதினோரு மாதத்தில்தான் ஆய்வகக் கட்டடங்களின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். வயிற்றெரிச்சலில் தொடங்கிய வாசிப்பு.

முதலில் கையில் மாட்டியது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த 20ஆம் எண் கட்டடம். பெயர்கூட இல்லை பாருங்கள், வெறும் எண். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், ரேடார் ஆய்வுக்காக அவசரமாகக் கட்டியது. ஆய்வு நடப்பதை மறைக்க 'ரேடியேஷன் லேப்' என்று பூசி மெழுகிய பெயர் வைத்திருந்தார்கள். எஃகுக்குப் போர்க்காலத் தட்டுப்பாடு, ஆகவே மூன்று மாடியும் மரத்தில். கட்டடத்தின் முதல் வரைவை ஒரே மதிய நேரத்தில் போட்டு முடித்தார்கள் என்று சொல்வார்கள். மரக்கட்டடம் தீப்பிடிக்குமே என்று கேட்டதற்கு, போர் முடிந்த ஆறு மாதத்தில் இடித்துவிடுவோம் என்று சொல்லி விதிவிலக்கு வாங்கினார்கள். 1945இல் போர் முடிந்தது. கட்டடத்தை இடித்தது 1998இல்.

நடுவில் இருந்த அரை நூற்றாண்டுதான் கதை. கட்டடம் அழகாக இருந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. வெயில் காலத்தில் வேகும், குளிர் காலத்தில் நடுங்கும். அறை எண்களைப் பிடித்துப் போனால் வழி தவறும். வெளிப்புறம் ஆஸ்பெஸ்டாஸ் ஓடுகள். எப்படியும் இடிக்கப்போகிற கட்டடம்தானே என்று, வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களை நிர்வாகம் அங்கே அனுப்பியது. அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலில் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலியும் இருக்கிறார்கள். நவீன மொழியியலின் பெரும்பகுதி அந்தப் பலகைச் சுவர்களுக்குள் எழுதப்பட்டது. ஒலிபெருக்கிகளுக்குப் பின்னாளில் பெயர் கொடுத்த அமர் போஸ் அங்கேதான் ஒலியியலில் இறங்கினார். மொழியியல்காரரும் மின்னணுக்காரரும் ஒரே தாழ்வாரத்தில் முட்டிக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்ட சந்திப்பு அல்ல.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெரோல்ட் ஸக்கரையாஸின் கதை. 1950களில் அவர் ஓர் அணுக் கடிகாரம் செய்ய முயன்றார். சீசியம் அணுக்களை நீரூற்று மாதிரி மேலே எறிய வேண்டும். அவை ஈர்ப்பில் வேகம் குறைந்து திரும்பி விழும். எவ்வளவு நேரம் மிதக்கின்றனவோ அவ்வளவு துல்லியமாக அவற்றின் துடிப்பை அளக்கலாம். அதற்கு உயரமான உலோகக் குழாய் வேண்டும். உயரத்துக்கு என்ன செய்வது? தன் அறைக்கு மேலிருந்த இரண்டு தளங்களையும் அறுத்து எடுத்துவிட்டார். நாலு அங்குலத்துக்கு நான் குழு குழுவாக அலைந்தேன், மனுஷன் இரண்டு மாடியையே காலி செய்திருக்கிறார்! படித்துவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெரிய குழாய் தோல்வி. வேகமான அணுக்கள் பின்னாலிருந்து வந்து மெதுவான அணுக்களை முட்டிச் சிதறடித்தன. ஆனால் அதே ஸக்கரையாஸின் முயற்சியில் இன்னொரு பக்கம் உருவான சிறிய சீசியம் கடிகாரம் 1956இல் 'அட்டாமிக்ரான்' என்ற பெயரில் விற்பனைக்கே வந்தது. நீரூற்று யோசனை, லேசரால் அணுக்களைக் குளிர்விக்கக் கற்றுக்கொண்ட பிறகு, பல ஆண்டுகள் தள்ளிப் பலித்தது. தோற்றுப்போகிற சோதனைக்கும் தளத்தை அறுக்கலாம் என்பது எவ்வளவு பெரிய சலுகை!

பாடமும் அங்கே வேறு வழியில் நடந்தது. மாணவர்களின் மாதிரி ரயில் சங்கத்துக்கு அக்கட்டடத்தில் ஓர் அறை. மேசைக்கு மேலே பொம்மை ரயில், மேசைக்குக் கீழே பழைய தொலைபேசி ரிலேக்களும் ஒயர்களும் பின்னிய காடு. பின்னால் கணினியில் புகுந்த 'ஹேக்கர்' என்ற சொல் அந்தப் பையன்களிடமிருந்து வந்ததுதான்.

சரி, இது தற்செயல். இதையே தெரிந்து, திட்டமிட்டுக் கட்ட முடியாதா? ஏறக்குறைய அதே காலத்தில் ஒரு மேதை முயன்றார். லூயி கான். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகத்தை 1957இல் வரையத் தொடங்கினார். குழாய்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அதனாலேயே அவற்றுக்கென்று தனி இடம் கொடுத்தார்: காற்றும் கழிவும் படிக்கட்டும் செங்கல் கோபுரங்களில், ஆய்வு மட்டும் 45 அடிச் சதுரத் தளங்களில். தளத்தின் நடுவில் ஒரு தூண் கிடையாது. வெறும் தளம், உங்கள் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. 1961இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி வைத்தது.

உள்ளே வேலை பார்த்தவர்களின் பாடு வேறு. மூலைக் கண்ணாடிகளில் வெயில் நேராக அடித்தது. விஞ்ஞானிகள் அலுமினியத் தாளை ஒட்டி மறைத்தார்கள். திறந்திருந்த கூரைக் குழாய்களில் தூசி படிந்தது. தடுப்பு போட்டால் கான்கிரீட் உத்தரங்களோடு சரியாகப் பொருந்தவில்லை. சதுரம் சிறியது, நீட்டிக்க வழியில்லை. கண்ணாடியில் தாள் ஒட்டிய அந்த முகந்தெரியாத ஆராய்ச்சியாளர் மேல் எனக்குத் தனிப் பிரியம். கட்டடக்கலை மாணவர்கள் வெளியே நின்று படமெடுக்க, உள்ளே ஒருவர் செல்லோடேப்பும் கையுமாக நின்றிருப்பார்.

கான் பிடிவாதக்காரர், ஆனால் கற்றுக்கொண்டார். போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க் 1959இல் அவரைத் தேடி வந்தார். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் தனக்கொரு ஆய்வு நிறுவனம் வேண்டும் என்றார். 1965இல் முடிந்த அந்தக் கட்டடத்தில் குழாய்களுக்குக் கோபுரம் இல்லை, முழு மாடியே கொடுத்தார். ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே ஒன்பது அடி உயரத்தில் ஒரு குழாய்த் தளம். கீழே 65 அடி அகலம், 245 அடி நீளம், தூணே இல்லாத கூடம். மேலே ஒருவர் நிமிர்ந்து நடந்து போய் எரிவாயு, தண்ணீர், மின்சாரம் எதையும் வேண்டிய இடத்தில் கீழே இறக்கலாம். கீழே சோதனை நிற்க வேண்டியதில்லை. பாதிக் கட்டடம் மனிதர்களுக்கு இல்லை, இனி வரப்போகிற மாற்றங்களுக்கு. எத்தனை பல்கலைக்கழகங்களால் இந்தச் செலவைத் தாங்க முடியும் என்பது வேறு பேச்சு.

எம்.ஐ.டி. கடைசியில் அந்த மரக்கட்டடத்தை இடித்த இடத்தில், ஃபிராங்க் கெரி வடிவமைத்த ஸ்டாட்டா மையத்தை 2004இல் திறந்தது. பழைய கட்டடத்தின் தற்செயல் சந்திப்புகளை மீட்பதே நோக்கம் என்றார்கள். செலவு சுமார் 30 கோடி டாலர். நீர்க்கசிவும் விரிசலும் என்று 2007இல் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது, 2010இல் சமரசமானது. பழைய கட்டடமும் ஒழுகியதுதான். ஆனால் அங்கே ஒழுகினால் யாரும் வக்கீலைத் தேடவில்லை, ஏணியைத் தேடினார்கள். கெரியின் வளைந்த சுவரில் ஆணியடிக்க எனக்குக் கை வராது.

அந்த ஆபத்தையும் நான் மறக்கவில்லை. மரமும் ஆஸ்பெஸ்டாஸுமாக இன்று எங்கள் ஊரில் யாராவது ஆய்வகம் கட்டினால் நானே எதிர்த்து மனுப் போடுவேன். அந்தப் பொறியாளர் பயந்ததிலும் நியாயம் உண்டு. வரைபடம் இல்லாத சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறதா, தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கான் சால்க்குக்குக் கொடுத்த அந்த ஒன்பது அடி எங்கள் கட்டடத்தில் இல்லை.

என் அனுமதி வந்தபோது அளவீடுகளை இரவு இரண்டு மணிக்கு, பம்பை நிறுத்தி நிறுத்தி, எடுத்து முடித்திருந்தேன். கொத்தனார் வந்து அரை மணி நேரத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போனார். போன வருஷம் அந்த லேபில் சேர்ந்த பெண்ணிடம் விசாரித்தேன். பம்ப் பழுதாகி எப்போதோ போய்விட்டதாம். "ஓட்டை இருக்குண்ணா. அது வழியாத்தான் நெட் ஒயர் வருது" என்றாள்.