பேச்சிப்பாறை 44.10 அடி

"பேச்சிப்பாற இன்னைக்கு எத்தன அடி மக்கா?"

என் மாமா தோவாளைப் பக்கம் நெல் போடுகிறவர். வைகாசி பிறந்துவிட்டால் காலைக் காப்பிக்கு முன்பே இந்தக் கேள்வி போனில் வந்துவிடும். ஜூன் ஒன்றாம் தேதி வாக்கில் அணையைத் திறந்தால்தான் கன்னிப்பூ நெல் சாகுபடி நம்பிக்கையோடு நடக்கும். நான் நாகர்கோவிலில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், விடிந்தால் எக்செல், அடைந்தால் எக்செல். "நீதான் கம்ப்யூட்டர்ல கெடக்கியே, அத எழுதி வை" என்றார் ஒருநாள். அப்படித்தான் அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் கட்டத்தில் போட்டு வைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு காலை அந்த எண் 44.10 என்று வைத்துக்கொள்வோம். அது பிறக்கும் இடம் கோதையாற்றின் குறுக்கே நிற்கும் பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897-இல் வேலை தொடங்கி 1906-இல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. அணையின் உச்ச அளவு 48 அடி. அளவுகோலில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது ஒரு மனிதக் கண். காற்று அடித்தால் தண்ணீர் கோட்டில் ஏறும், இறங்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்றை அந்தக் கண்தான் தீர்மானிக்கிறது. எண்ணின் முதல் தரகர் அந்த மனிதர். அவரை எந்த மென்பொருளாலும் தாண்டிவிட முடியாது.

அங்கிருந்து எண் தனியாகக் கிளம்புவதில்லை, கூட்டத்தோடுதான் வருகிறது. பெருஞ்சாணி 77 அடிக்கு எத்தனை, சிற்றாறு இரண்டும் 18 அடிக்கு எத்தனை, முக்கடல் 25 அடிக்கு எத்தனை. கூடவே மழை: பாலமோர், பூதப்பாண்டி, சுருளகோடு, ஆனைக்கிடங்கு, அடையாமடை, கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை, களியல் என்று ஒரு நீண்ட பட்டியல். வெளியூர்க்காரர்களுக்கு இது வெறும் ஊர்ப்பெயர் வரிசை. பாலமோரில் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டாலே இங்குள்ளவர்கள் மலையில் என்ன நடக்கிறது என்று ஊகித்துவிடுவார்கள். இந்த எண்களெல்லாம் அதிகாரிகள் கையிலிருந்து பத்திரிகைக்கும் வாட்ஸ்அப்புக்கும் வந்து, கடைசியில் என் கட்டத்தில் உட்காரும். வாய்க்கால் பாஷையில் சொன்னால், என் எக்செல் தாள்தான் இந்த எண்ணின் கடைவரம்பு.

கடைவரம்புக்குத் தண்ணீர் வந்து சேருவதிலுள்ள தொல்லை எல்லாம் எண்ணுக்கும் உண்டு.

முதல் சண்டை மாமாவோடுதான். 44.10 என்று நான் சொன்னதை அவர் நாற்பத்துநாலு அடி பத்து அங்குலம் என்று எடுத்துக்கொண்டு கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். புள்ளிக்குப் பிறகு வரும் 10 என்பது அடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை. "பத்துன்னு நீதானல சொன்ன?" என்றார். சொன்னது நான்தான். எக்செல் அதை 44.1 என்று சுருக்கிக் காட்டியபோது அவருக்கு அது அடுத்த நாள் ஒன்பது அங்குலம் குறைந்த கணக்கு. அலகு எழுதாத எண்ணை ஒவ்வொருவரும் தன் அலகில் படிப்பார்கள்.

இரண்டாவது முக்கடல். நாகர்கோவிலுக்குக் குடிதண்ணீர் தரும் அணை. கோடையில் தண்ணீர் அளவுகோலின் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது செய்தியில் "மைனஸ் 8 அடி" என்ற மாதிரி வரும். அதை அப்படியே ஒட்டினால் எக்செலுக்கு அது எண் அல்ல, எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் விட்டுவிடும். என் முதல் கோடையின் சராசரி முழுக்க இப்படித்தான் ஏமாற்றியது. ஊரே தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த வாரங்களில் என் தாளில் முக்கடல் சௌக்கியமாக இருந்தது.

மூன்றாவது பெயர். ஒரு நாள் "சிற்றாறு 2" என்று வரும், மறுநாள் "சிவலோகம்" என்று வரும். இரண்டும் ஒன்றே என்று எனக்குத் தெரியும், எக்செலுக்குத் தெரியாது. ஆனைக்கிடங்கில் யாராவது மூன்றுசுழி ண போட்டுவிட்டால் மாவட்டத்தில் புதிதாக ஒரு மழைமானி முளைத்துவிடும்.

இப்படித் தினமும் பார்த்து அடித்துக்கொண்டிருந்த வேலையை இணைப்பாக மாற்றியது ஒரு மழைக்கால விடுமுறையில்தான். எக்செலின் டேட்டா பக்கத்தில் "கெட் டேட்டா" என்று ஒரு பொத்தான் இருப்பதைப் பல வருஷம் பார்த்தும் நான் தொட்டதில்லை. வலைப்பக்கம், சிஎஸ்வி கோப்பு, பிடிஎஃப், தரவுத்தளம் என்று அது கேட்கும். முகவரியைக் கொடுத்தால் அங்குள்ள அட்டவணைகளைக் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் தாளில் வந்து இறங்கும். "ரிஃப்ரெஷ்" அழுத்தினால் புதிய எண். "சிவலோகம் என்றால் சிற்றாறு 2 என்று படி", "மைனஸ் என்ற சொல்லைக் குறியாக்கு" என்று ஒருமுறை சொல்லிவைத்தால் ஒவ்வொரு முறையும் அதையே செய்யும்.

இதன் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. தரவை வரிசையும் பத்தியுமான அட்டவணைகளாக வைக்கலாம் என்று எட்கர் காட் என்பவர் கட்டுரை எழுதியது 1970-இல். விசிகால்க் என்ற முதல் மேசைக்கணினி விரிதாள் வந்தது 1979-இல். இரண்டும் கட்டம் கட்டமாக இருந்தாலும் ஒன்றோடொன்று பேசத் தெரியாது. ஒவ்வொரு தரவுத்தளக் கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஓடிபிசி என்ற பொது ஏற்பாட்டை வெளியிட்டது: ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு டிரைவர், விரிதாள் அந்த டிரைவரிடம் மட்டும் கேட்டால் போதும். எந்தச் சர்வர், என்ன பெயர், என்ன கடவுச்சொல் என்பதை ஒரு பெயரில் சேமித்து வைப்பதைத்தான் டேட்டா சோர்ஸ் நேம் என்கிறார்கள். 2005-இல் வந்த இலவச ஓப்பன் ஆஃபீஸ் 2.0-இல் தரவுத்தளத்துக்கென்று பேஸ் என்ற தனிச் செயலியே சேர்ந்தது. காசு கொடுக்காமலும் இதைச் செய்யலாம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு முக்கியம்.

தேதிதான் இன்னும் தொல்லை. 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்பது கணினியின் ஊரைப் பொறுத்தது. மழைக்கு இன்னொரு சிக்கல்: காலை எட்டரைக்கு அளப்பது அதற்கு முந்தைய இருபத்துநான்கு மணி நேர மழை. பதினான்காம் தேதிக் கட்டத்தில் இருப்பதில் பெரும்பங்கு பதின்மூன்றாம் தேதி பெய்தது. இதைக் கேட்டு மாமா ஆச்சரியப்படவில்லை. நாஞ்சில் நாட்டுக்காரருக்குத் தேதிக் குழப்பம் பழகியது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார்களின் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கண்டெடுத்து, பின்னாளில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். அவற்றில் காலம் கொல்லம் ஆண்டில். ஆவணியில் ஆண்டு பிறப்பதால், அதை ஆங்கில வருஷமாக்க டிசம்பர் வரைக்கும் 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி வந்துவிட்டால் 825-ஐ. மாதம் தெரியாமல் வருஷத்தை மாற்றினால் ஒரு வருஷம் தப்பும். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற சாகுபடிப் பருவப் பெயர்களே அந்த மாதக் கணக்கிலிருந்து வந்தவைதான்.

எண் கைமாறும் வழியில் சறுக்குவது பெரிய இடங்களிலும் நடக்கும். 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வகங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் இறக்கியது. அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் தாங்காது. 15,841 பேரின் முடிவு சில நாள் கணக்கில் சேரவே இல்லை. அனுப்பியவர் அனுப்பிவிட்டார், வாங்கியவர் வாங்கிவிட்டார், நடுவில்தான் கரை உடைந்தது.

என் இணைப்பிலும் ஓர் உடைப்பு நடந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் இணைத்த பக்கம் அன்றன்றைய எண்ணை மட்டும் காட்டும். ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய நேற்றைய எண்ணின் மேல் இன்றைய எண் ஏறி உட்கார்ந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒரே ஒரு வரி. கையால் அடித்த காலத்தில் பிழை இருந்தாலும் பழையது இருந்தது. இணைப்பு என்பது ஞாபகம் அல்ல. இப்போது தினமும் வருவதை அடியில் ஒரு வரியாகத் தனித்தாளில் சேர்த்துவைக்கிறேன். தேதி, இடம், அலகு மூன்றும் அந்த வரியிலேயே இருக்கும்.

இதற்கெல்லாம் மேல் ஒரு தடை உண்டு. அலுவலகத்தில் யாரோ ஒருவர் அழகாக அட்டவணை போட்டு, அதைப் பிரிண்ட் எடுத்து, போனில் படம் பிடித்து அனுப்புகிறார். எண்ணாகப் பிறந்தது படமாகச் செத்துவிடுகிறது. இன்னொருவர் பிடிஎஃப் அனுப்புகிறார், ஆனால் வானவில் எழுத்துருவில். திரையில் நல்ல தமிழ், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடைத் தமிழக அரசே 2010-இல் ஏற்றுக்கொண்டாயிற்று.

ஆகவே பட்டியல் தயாரிக்கும் அன்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். படம் எடுக்கும் முன், அதே தாளை யூனிகோடில் சிஎஸ்வியாக ஒருமுறை சேமித்து, எல்லோரும் எடுக்கிற இடத்தில் போடுங்கள். மைனஸைக் குறியாகப் போடுங்கள். சிற்றாறு 2-ஐ எல்லா நாளும் சிற்றாறு 2 என்றே எழுதுங்கள். காலையில் மாமாவுக்கு நான் பதில் சொல்ல அது போதும்.