செம்பும் காந்தமும்

நெகிரி செம்பிலான் ரப்பர் வட்டாரங்களில் செம்பு பகைப்பொருள். மரப்பாலில் அது மிகச் சிறிதளவு சேரினும் ரப்பர் விரைவில் நைந்து கெடுமாதலின், பாலைக் கையாளும் கலங்களில் செம்பையும் பித்தளையையும் தவிர்ப்பர். மீக்கடத்தல் ஆய்விலும் இவ்வுலோகம் நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது. மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் பெற்றிருந்தும், எட்டிய குளிர்நிலை எதிலும் தூய செம்பு தன் மின்தடையை முற்றும் இழந்ததில்லை.

மின்தடை அறவே மறையும் இப்பண்பினை 1911-இல் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னசு பாதரசத்தில் கண்டார். அப்போதைய வெப்பநிலை 4.2 கெல்வின். மீக்கடத்தி தன்னுள்ளிருந்து காந்தப்புலத்தை வெளியேற்றும் என்பது 1933-இல் தெளிவாயிற்று. 1958-இல் லாந்தனத்தோடு காந்தத் தன்மை மிக்க கடோலினியத்தை நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தபோது மீக்கடத்தல் பெரிதும் ஒடுங்கியது. காந்தம் இருக்குமிடத்தில் மீக்கடத்தல் இராது என்னும் எண்ணம் இவ்வாறு வேரூன்றியது.

செம்பின் காந்தத்தையோ, அதற்கும் முன்பே ஒரு தமிழர் நுணுகி அளந்திருந்தார். 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர். இராமன் விளைவில் பங்கேற்றவர் என்ற ஒரு தொடரோடு அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுவது பெருங்குறையே. டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவிலும் அவர் படிகங்களின் காந்தப் பண்பை ஆராய்ந்தார். கையாண்ட கருவி எளியது. மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்குவர். படிகம் முதலில் காந்தப்பிடியில் நிற்கும். முறுக்கு ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டெனப் புரளும். அவ்வெல்லைக் கோணமே, படிகத்தின் காந்த ஏற்புத்திறன் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டிவிடும்.

1936-இலும் 1938-இலும் கிருஷ்ணனும் முகர்ஜியும் எடுத்துக்கொண்ட படிகம், பள்ளி ஆய்வுக்கூடத்தில் மாணவர் காணும் நீல நிற மயில்துத்தம். அதில் ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு ஆக்சிசன் அணுக்கள் சதுரமாகச் சூழ, சற்றுத் தொலைவில் எதிரெதிரே வேறிரண்டு நிற்கின்றன. இதனை 1934-இல் பீவர்சும் லிப்சனும் எக்ஸ்-கதிரால் கண்டிருந்தனர். இவ்வமைப்புக்கும் செம்பின் இணையற்ற ஒற்றை மின்னணுவின் காந்தத்துக்கும் உள்ள தொடர்பைக் கிருஷ்ணனின் அளவைகள் புலப்படுத்தின.

ஏறத்தாழ அதே சூழலில்தான் செம்பு 1986-இல் மீண்டும் தோன்றியது. சூரிச் நகருக்கு அருகே பெட்னோர்சும் முல்லரும் லாந்தனம், பேரியம், செம்பு, ஆக்சிசன் கலந்த பீங்கான் பொருளில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டனர். மறு ஆண்டே இட்ரியச் சேர்மம் 90 கெல்வினைக் கடந்தது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரசனே அதற்குப் போதும். கிருஷ்ணனின் ஆய்விலிருந்து இக்கண்டுபிடிப்பு நேரே கிளைத்ததன்று, அயனிதான் ஒன்று.

வியப்பு யாதெனில், பேரியம் சேராத தாய்ச்சேர்மம் மின்கடத்தியே அன்று. அது காந்த ஒழுங்குடைய பொருள். ஒரு செம்பின் காந்தம் ஒரு திசை நோக்கினால் அடுத்ததன் காந்தம் எதிர்த்திசை நோக்கும். 1987 ஜனவரியில் பெங்களூர் மாநாட்டில் ஆண்டர்சன், இவ்வெதிர்க் காந்தங்கள் இருவர் இருவராகக் கைகோத்த மின்னணு இணைகளாக ஏற்கெனவே நிற்கின்றன என்றும், சில மின்னணுக்களை அகற்றி இடம் தந்தால் அவ்விணைகளே மின்னோட்டமாகும் என்றும் கருத்துரைத்தார். அதற்குக் கணித வடிவம் தந்த அவ்வாண்டுக் கட்டுரையில் ஆண்டர்சன், சோ ஆகியோருடன் முதற்பெயராக நிற்பவர் சென்னைக் கணித அறிவியல் கழகத்தின் கணபதி பாஸ்கரன்.

பகையெனப்பட்ட காந்தம் அங்கே தாயாயிற்று. அக்கட்டுரை கூறிய இணைவடிவம் அப்படியே நிலைக்கவில்லை. 1993, 1994 ஆண்டுகளின் சோதனைகள், திசைக்குத் திசை குறி மாறும் வேறொரு வடிவத்தைக் காட்டின. ஆயினும் அவ்வடிவமும் காந்த உறவினின்று பிறக்கக் கூடியதே. மின்னணுக்களை இணைப்பது முற்றிலும் காந்தந்தானா என்பதில் அறிஞரிடையே வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.